‘உங்களுக்கெல்லாம்’ என்ற ஒரு சொல்

கேள்வி:

வணக்கம் டாக்டர். நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். ஆறு வருஷ வேலை. சர்க்கரை, பி.பி. நோயாளிகள் வரும் என்.சி.டி. பிரிவில் இருக்கிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நூறு பேருக்கு மேல் வரிசை. அறுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் வந்தார், விவசாயக் கூலி. காலில் புண், சர்க்கரை 380. நாங்கள் கொடுத்த மாத்திரையில் பாதிக்குமேல் அப்படியே பையில் இருந்தது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அத்தனை பேர் முன்னால் “காலை எடுத்தாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும்” என்று கத்திவிட்டேன். அவர் பதிலே பேசவில்லை. மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த மாதம் மாத்திரை வாங்கவும் வரவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கூட வேலை பார்க்கும் சீனியர் சிஸ்டர், “இதுக்கெல்லாம் அழுதா ஆகுமா, போகப் போக மரத்துப் போயிரும்” என்கிறார். மரத்துத்தான் போக வேண்டுமா டாக்டர்? இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா? (என் அப்பாவுக்கும் சுகர்தான். காலை எடுத்து, எட்டு மாதத்தில் இறந்துபோனார். அது வேறு விஷயம்.)

பெயரும் ஊரும் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை மேலிருந்து கீழே, எல்லோரும் படிக்கிற மாதிரி. இரண்டாவது தடவை கடைசி வரியிலிருந்து தொடங்கினேன். அந்த வரியை அடைப்புக்குறிக்குள் போட்டு, “அது வேறு விஷயம்” என்று முடித்திருக்கிறீர்கள். முப்பது வருஷம் ஓ.பி.யில் உட்கார்ந்தவனுக்கு இந்த மாதிரி வரிகள் பழக்கம். தலைவலி என்று வருவார்கள். பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவோம். கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்று, “அப்புறம் டாக்டர், வீட்டுக்காரர் இப்ப எங்ககூட இல்ல, அது ஒண்ணுமில்ல” என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார்கள். வந்த காரியமே அதுதான். தலைவலி அதற்கு ஒரு சாக்கு.

அதனால் உங்கள் அப்பாவிடமிருந்தே ஆரம்பிக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

பெரியவரிடம் நீங்கள் சொன்னதை இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். “காலை எடுத்தாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும்.” எதிரே நின்றது ஒரே ஓர் ஆள். காலில் கட்டு, கையில் மஞ்சப்பை, தனியாக வந்த ஒரு மனிதர். “உங்களுக்கு” என்று வந்திருக்க வேண்டிய இடத்தில் “உங்களுக்கெல்லாம்” எப்படி வந்தது? அந்த “எல்லாம்” யார் யார்? மாத்திரை போடாமல் வரிசையில் நின்ற வேறு சிலரும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் கால் எடுக்கப்பட்ட ஒருவரை நீங்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்கு அவரையும் சேர்த்துத்தான் திட்டியிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

இது என் ஊகம்தான். பொருந்தவில்லை என்றால் தள்ளிவிடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: உங்கள் அப்பா மருந்து மாத்திரையில் உங்களை ஏமாற்றிய நாட்கள் இருந்திருந்தால், அவரிடம் இப்படிக் கத்தினீர்களா? நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் அப்பாவிடம் கத்துவதில்லை. கெஞ்சுவார்கள். அம்மாவிடம் சொல்லி அழுவார்கள். அதுவும் நர்ஸ் படித்த பெண் என்றால் இன்னொரு சுமையும் கூடும், “படிச்சு என்ன பிரயோஜனம், அப்பாவையே பார்த்துக்க முடியலையே” என்று. யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவே வேண்டாம், நாமே சொல்லிக்கொள்வோம். அன்றைக்குக் கத்தாமல் விட்டது எங்கேயும் போய்விடாது. பல வருஷம் கழித்து, ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, சம்பந்தமே இல்லாத ஒருவரின் பையில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையைப் பார்த்ததும் வெளியே வரும். “எங்கிருந்துதான் வந்ததோ” என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் வந்திருக்கும்.

இதற்கு ஃப்ராய்டு 1910-லேயே ஒரு பெயர் வைத்துவிட்டார். பெயர் கிடக்கட்டும். நோயாளி நமக்குள் எதையோ கிளறுகிறார். அதை நாம் கவனிக்காமல் விட்டால், கிளறப்பட்டதையெல்லாம் அவருடைய குணம் என்று எழுதிவிடுவோம். “பிடிவாதக்காரர்”, “சொன்ன பேச்சு கேட்காதவர்”, “இந்த ஜனங்களே இப்படித்தான்” என்று.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடித்த புதிது. ஓர் ஆஸ்பத்திரியில் ராத்திரி கேஷுவாலிட்டி டியூட்டி. மண்டை கிழிந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிட்டே போனாலே சாராய வாடை. தையல் போட வேண்டும். மரத்துப்போக ஊசியைப் பேருக்குக் கொஞ்சம் போட்டுவிட்டுத் தைக்க ஆரம்பித்தேன். ஆள் துள்ளினார். “குடிச்சிருக்கான்ல, இவனுக்கு எங்க வலிக்கப்போகுது” என்று நான்தான் சொன்னேன். பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சிஸ்டர் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். ஒரு வார்த்தை பேசவில்லை. லிக்னோகெயின் பாட்டிலைக் கவிழ்த்து, சிரிஞ்சில் இன்னும் ஐந்து சிசி ஏற்றி என் கையில் கொடுத்தார். “போடுங்க சார். மரத்ததும் நாம மெதுவா தைக்கலாம்.” அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் உறைத்தது. என் அண்ணன் குடிப்பவன். ராத்திரி பன்னிரண்டு மணிவரை அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அண்ணனை ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த குடிகாரர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன், வாயால் கேட்காமல் ஊசியால். எத்தனை பேருக்கு இப்படிக் குறைத்துப் போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க இன்றைக்கும் கூசுகிறது. அந்த சிஸ்டர் அன்று என்னைத் திட்டியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். திட்டாமல், ஐந்து சிசியை மட்டும் கையில் கொடுத்ததால் தப்பித்தேன். என்னிடம் தைத்துக்கொள்ள வந்தவர்களும் தப்பித்தார்கள்.

அதற்கப்புறம் நான் எனக்கென்று ஓர் அடையாளம் வைத்துக்கொண்டேன். நம் மொழியில் அது சுலபம். “நீங்க” எப்போது “நீ” ஆகிறது, “வாங்க” எப்போது “வா” ஆகிறது, “அந்தப் பெரியவர்” எப்போது “அந்த சுகர் கேஸ்” ஆகிறார் என்று என் வாயைக் கவனிப்பேன். விகுதி மாறினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். சிலருக்கு தாடை இறுகும், சிலருக்குப் பேனா அட்டையில் அழுந்தி அடுத்த பக்கத்திலும் பதியும். உங்களுடையது எது என்று உங்களுக்கே தெரியும். என் ஊகத்துக்கு, அது அந்த “எல்லாம்”. அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வரும்போது பிடிக்க முடிந்தால் போதும்.

பிடிக்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே கையில் சானிட்டைசர் தடவுகிறீர்கள் இல்லையா? முறையாகத் தேய்த்தால் 20 முதல் 30 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. (பாதிப் பேர் ஐந்து விநாடியில் முடித்துவிடுகிறோம், அது வேறு கதை.) அந்த அரை நிமிஷத்தை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். விரலிடுக்கைத் தேய்க்கும்போது உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: போனவரிடமிருந்து எதையாவது இங்கேயே பிடித்து வைத்திருக்கிறேனா? பதில் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கேட்ட மாத்திரத்தில் தோள்பட்டை ஓர் அங்குலம் இறங்கும், அதுவே போதும்.

அடுத்து, மரத்துப்போகிற விஷயம். உங்கள் சீனியர் சிஸ்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவரும் ஒரு காலத்தில் மருந்து ஸ்டோர் பக்கம் ஒதுங்கி நின்று அழுதவராகத்தான் இருப்பார். ஆனாலும் அவர் சொன்ன அந்த வார்த்தையை நீங்கள் வேறு யாரை விடவும் நன்றாக அறிவீர்கள். தினமும் எத்தனை மரத்த பாதங்களைத் தொடுகிறீர்கள். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் தொட்டு, “தெரியுதா ஐயா?” என்று கேட்டால், தொடாத இடத்தைச் சொல்பவர்கள், தொட்டதே தெரியாதவர்கள். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் அரை மைல் நடந்து வந்தவர்கள். அந்தப் பாதங்களை அழிப்பது வலியா? வலி இல்லாமல் போனதுதானே.

இதை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துச் சொன்ன மனிதர் நம் கொல்லிமலையில் பிறந்தவர். பால் பிராண்ட், பிறந்த வருஷம் 1914. பெற்றோர் மலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். 1946-இல் அறுவை மருத்துவராக வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளின் விரல்கள் நோயாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் டாக்டர்களும் நம்பினார்கள். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோய் வந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பாகத் திருப்பித் திறந்துவிட்டான். பிராண்ட் அவன் கையைப் பார்த்தால், விரல் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டியிருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. வலி தெரிந்திருந்தால் அவனும் பாதியில் விட்டிருப்பான். விரல்கள் போவது சதை கெட்டுப்போவதால் என்றில்லை, காயம் படுவது தெரியாததால்தான் என்று அவர் பிடித்துக்கொண்ட நூல் அது. இன்றைக்கு நீங்கள் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கிற, மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்புக்குப் பின்னால் இருப்பதும் இந்த அறிவுதான்.

அவருடைய வாழ்க்கையிலேயே இன்னொரு சம்பவம் உண்டு. அதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன். அமெரிக்கா போய்விட்டு இங்கிலாந்து திரும்பிய ஒரு பயணத்தின் முடிவில், லண்டனில், அறையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றுகிறார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்க்கிறார், தெரியவில்லை. இத்தனை வருஷம் தொழுநோயாளிகளுக்கு நடுவே இருந்ததில் தனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். குடும்பத்தைப் பிரிய வேண்டும், தொழில் போய்விடும் என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் அதே இடத்தில் மறுபடி குத்தினார். கத்திவிட்டார், அவ்வளவு வலி. நீண்ட ரயில் பயணத்தில் கால் நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலியைப் போல ஓர் ஆனந்தம் தனக்கு வாய்த்ததில்லை என்பதுபோல் பிறகு எழுதினார். வலி தெரியாதவர்களுக்கே வாழ்நாளைக் கொடுத்த டாக்டருக்கும், அவர்களுடைய ராத்திரி எப்படி இருக்கும் என்பது அந்த ஒரு ராத்திரியில்தான் முழுசாகப் புரிந்தது.

நீங்கள் ஒரு மாதமாகத் தூங்கவில்லை. உங்களுக்கு ஊசி குத்துவது தெரிகிறது. அதனால் லாயக்கா இல்லையா என்ற கேள்விக்கு என்னிடம் நீண்ட பதில் கிடையாது. அன்று கத்திவிட்டு, சாயங்காலம் டீ குடித்து, மறந்துபோயிருந்தீர்கள் என்றால் நான் கவலைப்படுவேன்.

ஆனால் ஒன்று. எல்லா வலியையும் நம் வலியாக்கிக்கொள்வதும் வழியில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை ஜெர்மனியில் டானியா சிங்கர் என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு சோதித்துப் பார்த்தது. அடுத்தவர் துன்பப்படும் காட்சிகளைக் காட்டி, அந்தத் துன்பத்தை அப்படியே உள்வாங்கப் பழக்கியபோது பார்த்தவர்கள் சோர்ந்தார்கள், மனம் கனத்தது. அதே ஆட்களை, “இவர் நன்றாக இருக்க வேண்டும்” என்ற பரிவோடு பார்க்கப் பழக்கியபோது சோர்வு இறங்கியது, மூளையில் வேலை செய்த பகுதிகளே வேறாக இருந்தன. நம் பேச்சிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. “ஐயோ, என்னால பார்க்க முடியல” என்று சொல்பவர் தன்னைப் பற்றிச் சொல்கிறார். “கால் நல்லா இருக்கணுமே” என்பவரின் கண் நோயாளியின் காலில் இருக்கிறது. அன்றைக்கு உங்கள் கோபமும் முதல் வகைதான், உருவம் மட்டும் மாறி வந்தது. உங்களால் அந்தப் புண்ணைப் பார்க்க முடியவில்லை.

முழுப் பழியையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை நாலு மணி நேரம், நூறு பேர். ஆளுக்கு இரண்டரை நிமிஷம்கூட இல்லை, அதில் பி.பி., சர்க்கரை, பதிவேடு, கம்ப்யூட்டர் என்ட்ரி, மாத்திரை எல்லாம். 2017-இல் 67 நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வில், முதல்நிலை மருத்துவத்தில் டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கும் சராசரி நேரம் சுவீடனில் 22 நிமிஷத்துக்கும் மேல், வங்கதேசத்தில் 48 விநாடி. நாம் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே ரிவ்யூ மீட்டிங்கில் “கண்ட்ரோல் எத்தனை சதவீதம்?” என்று உங்களைத்தான் நிற்கவைத்துக் கேட்பார்கள். அந்த 380 அவருடைய ரத்தத்தில் இருந்தாலும் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே விழுகிறது. கோபத்தில் அதுவும் ஒரு பங்கு. வேலைச் சூழலால் வரும் இந்தச் சோர்வை (‘பர்ன் அவுட்’ என்பார்கள்) உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது, நோய் என்று சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் சேர்த்தது. ஆள் போடாமல், இடத்தை நிரப்பாமல், நர்ஸ்களை மட்டும் மூச்சுப்பயிற்சி செய்யச் சொல்லும் கூட்டங்களில் எனக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் ஆள் வரும்வரை அந்தப் பெரியவர் காத்திருக்க முடியாது, அதனால் இதைச் சொல்கிறேன்.

சரி, பெரியவருக்கு வருவோம். பாதிக்குமேல் மிச்சம் இருந்தது என்றீர்கள். அப்படியானால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டிருக்கிறார். எந்த நாட்களில் போட்டார், எந்த நாட்களில் விட்டார்? அன்றைக்கு மட்டும் இதைக் கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கடிதமே வந்திருக்காது. கூலி வேலைக்குப் போகிறவர். காலையில் ஒரு டம்ளர் டீயோடு ஆறரைக்குக் கிளம்பினால் பத்து, பதினொரு மணிக்குத்தான் சாப்பாடு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சாதாரணமாக லோ சுகர் வராது. கூடவே கிளிமிபிரைடோ கிளிபென்கிளமைடோ இருந்து, வெறும் வயிற்றோடு வெயிலில் மண்வெட்டி பிடித்தால் வரும். “மாத்திரை போட்ட அன்னைக்கு வரப்புல உக்காந்துட்டேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, படபடன்னு அடிச்சுச்சு” என்று என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தடவை அப்படி ஆனால், வேலை இருக்கிற நாளில் மாத்திரையை விட்டுவிடுவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். கூலி போய்விடுமே.

அல்லது காரணம் வேறாகவும் இருக்கலாம். வீட்டம்மாவுக்கும் சுகர் இருந்து, ஒரே அட்டையை இரண்டு பேரும் பங்குபோட்டுச் சாப்பிடலாம். இதை நான் பார்த்திருக்கிறேன். “மாத்திரை தின்னா கிட்னி போயிரும்” என்று டீக்கடையில் யாராவது சொல்லியிருக்கலாம். கண் மங்கி, எது காலை மாத்திரை, எது ராத்திரி மாத்திரை என்று தெரியாமல் போயிருக்கலாம்.

அதனால் “ஏன் போடலை?” என்று கேட்காதீர்கள். நம் ஊரில் “ஏன்” என்று மேலே இருப்பவர் கேட்டால் அது கேள்வி இல்லை, குற்றச்சாட்டு. தலையைக் குனிந்துகொள்வார்கள், அல்லது “போட்டேன் சிஸ்டர்” என்று பொய் சொல்வார்கள். “மாத்திரை போட்ட அன்னைக்கு உடம்பு எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், அதுதான் கஷ்டம். பயமுறுத்தல் வேலை செய்யாது என்பதற்கு என் பழைய பாவத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. குடிநோயாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைப் பல வருஷம் ஆராய்ந்த வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு மல்லுக்கு நின்றாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த ஆள் ஒரு வருஷம் கழித்தும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். கத்தலுக்கும் ஒரு பக்கவிளைவு இருக்கிறது, அது ஒரு வருஷம் நிற்கிறது.

பக்கவிளைவு என்றதும் ஞாபகம் வருகிறது. மைக்கேல் பாலின்ட் என்றொரு மனநல மருத்துவர், புடாபெஸ்டில் ஒரு குடும்ப டாக்டரின் மகன், பிறகு இங்கிலாந்துக்குப் போனவர். 1950-களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் ஊர் டாக்டர்களைக் குழுவாக உட்காரவைத்துப் பேசவைத்தார். எந்த மருந்தையும்விட அதிகமாகக் கொடுக்கப்படும் மருந்து டாக்டரேதான், ஆனால் அந்த மருந்துக்கு டோஸ் என்ன, பக்கவிளைவு என்ன என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லையே என்பது அவருடைய கவலை. குழுவில் ஒருவர் தன் மனதை அரிக்கும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். மற்றவர்கள் மருந்து யோசனை சொல்ல மாட்டார்கள். அந்த நோயாளியை நினைத்தால் சொன்னவருக்குள் என்ன எழுகிறது என்பதைப் பற்றித்தான் பேச்சு. இன்றைக்கும் பல நாடுகளில் அவர் பெயரிலேயே இந்தக் குழுக்கள் நடக்கின்றன. உங்களுக்கு லண்டன் வேண்டாம். பக்கத்து நிலையங்களில் நம்பிக்கையான இரண்டு சிஸ்டர்கள் இருந்தால் போதும். மாதத்துக்கு ஒருநாள், டீயும் முறுக்கும், ஒருவர் ஒரு நோயாளியைப் பற்றி மட்டும். நோயாளியின் பெயரைச் சொல்லக் கூடாது, “நீ இப்படிச் செஞ்சிருக்கணும்” என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது. முடிந்தால் அந்த சீனியர் சிஸ்டரையும் கூப்பிடுங்கள். அவரிடம் சொல்லப்படாத கதைகள் நிறைய இருக்கும்.

அப்பாவைப் பற்றி அங்கே பேசுங்கள், அம்மாவிடம் பேசுங்கள், கோபத்தையும் சேர்த்துப் பேசுங்கள். செத்தவர்மேல் கோபப்படலாம், பாவமில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, அவரை எப்படித் திரும்ப வரவைப்பது? “சிஸ்டர் கூப்பிடுறாங்க” என்று ஆள் அனுப்பாதீர்கள். அவருக்கு அது சம்மன் மாதிரி. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறதே, அந்த ஊருக்குப் போகும் தன்னார்வலப் பெண்ணிடம் மாத்திரையைக் கொடுத்துவிடலாம். ஆனால் முதல் தடவை நீங்களும் கூடப் போவது நல்லது. புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், அதுவே காரணமாகப் போதும். வாசலில் நின்று “மன்னித்துவிடுங்கள்” என்று நாடகம் போட்டால் அவர் பதறிப்போவார், “அய்யய்யோ, நீங்க எதுக்கும்மா” என்று பேச்சை அடைத்துவிடுவார். திண்ணையில் உட்கார்ந்து, கட்டைப் பிரித்துக்கொண்டே, தலையை நிமிராமல், “அன்னைக்கு நாலு பேர் முன்னாடி கத்திட்டேன் ஐயா, அது என் தப்பு, மனசுல வச்சுக்காதீங்க” என்று சொன்னால் போதும். நம் ஜனங்களிடம் மன்னிப்பு அப்படித்தான் போய்ச் சேரும், கை வேலையில் இருக்கும்போது. அப்பாவின் கதையை அவரிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் அவர் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார். அவருக்கு இருக்கிற வேலை போதும்.

செருப்பை வாங்கி உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், கல்லோ ஆணியோ இருக்கும். புண்ணில் நாற்றமோ, சுற்றிலும் சிவப்போ, காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், காத்திருக்கக் கூடாது. இல்லையென்றால் கட்டுப் போட்டுவிட்டு, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், என்ன சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார், எந்தெந்த நாள் வேலை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோயாளி அட்டையில் அதற்குக் கட்டம் கிடையாது. பின்பக்கம் எழுதி மருத்துவ அலுவலரிடம் காட்டுங்கள், மாத்திரையை மாற்றுவதா நேரத்தை மாற்றுவதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.